வயிற்றுக் கோளாறை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? தில்லித் தமிழர்களுக்கான ஓர் ஒப்பீடு

தில்லிக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு, இந்தி நாவில் படியும் வரையில், மருத்துவரிடம் பேசுவதற்கு ஆங்கிலமே துணை. மயூர் விஹாரிலும் ராமகிருஷ்ணாபுரத்திலும் கரோல் பாகிலும் பிள்ளைகளோடு தங்க வரும் பெற்றோருக்கோ, அந்த ஆங்கிலமும் மகன், மகள், மருமகள் வாய்வழியாகத்தான் மருத்துவரைச் சென்றடைகிறது. காய்ச்சல், இருமல், தலைவலி ஆகியவற்றில் இதனால் பெரிய இடர் நேர்வதில்லை. அவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு சொற்களே உண்டு, எதைச் சொன்னாலும் பொருள் பிசகாது. வயிற்றுக்கு அப்படியில்லை. விலா எலும்பின் கீழிருந்து தொடையிடுக்கு வரையுள்ள பரப்பு முழுவதையும் நாம் வயிறு என்கிறோம். ஆங்கிலத்தின் 'ஸ்டமக்' பேச்சு வழக்கில் அதே பரப்பையும், மருத்துவ வழக்கில் இரைப்பை என்னும் ஒற்றை உறுப்பையும் குறிக்கிறது. இதனோடு இந்திய ஆங்கிலத்துக்கே உரிய 'கேஸ்ட்ரிக்', 'லூஸ் மோஷன்' போன்றவையும் சேர்ந்துகொள்வதால், யாரிடம் எதைச் சொல்வது என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. 'அப்செட் ஸ்டமக்', 'ஸ்டமக் ஏக்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்வது முதல் வழி. 'கேஸ்', 'அசிடிட்டி', 'அல்சர்' என்று கோளாறுக்கு நாமே ஒரு பெயர் சூட்டிச் சொல்வது இரண்டாவது வழி. பெயர் எதுவும் சூட்டாமல், எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று விவரிப்பது மூன்றாவது வழி. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் முதல் வழி போதும். மருந்துக்கடையில் இரண்டாவது வழி ஓரளவு பயன்படும். மருத்துவரின் முன்னால் மூன்றாவது வழியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

பொதுச் சொற்கள்

'ஐ ஹாவ் அன் அப்செட் ஸ்டமக்' என்பதும் 'ஐ ஹாவ் எ ஸ்டமக் அப்செட்' என்பதும் சரியான ஆங்கிலமே. குமட்டல், பேதி, மந்தம், லேசான வலி ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரு சொற்சேர்க்கை தன்னுள் அடக்கிக்கொள்கிறது. அதுவே அதன் சிறப்பும் குறையும். குருகிராமிலோ நொய்டாவிலோ உள்ள அலுவலகத்துக்கு விடுப்புச் செய்தி அனுப்பும்போது, கழிப்பறைக்கு எத்தனை முறை போனோம் என்பது மேலாளருக்குத் தெரிய வேண்டியதில்லை. அங்கே 'அப்செட் ஸ்டமக்' என்பது நம் மானத்தையும் காக்கிறது, செய்தியையும் சொல்லிவிடுகிறது. 'லூஸ் மோஷன்' என்று எழுதினால் இந்திய மேலாளருக்குப் புரியும். ஆனால் தேவைக்கு மேற்பட்ட விவரமாக இருக்கும். வெளிநாட்டு மேலாளராக இருந்தால் புரியாமலே போகக்கூடும்.

'ஸ்டமக் ஏக்', 'ஸ்டமக் பெயின்' இரண்டுக்கும் இடையே ஒரு சிறு வேறுபாடு உண்டு. முன்னது மந்தமாகத் தொடரும் வலியைக் குறிக்கும் அன்றாடச் சொல். பின்னது எல்லா வகை வலிக்கும் பொருந்தும், சற்றுக் கடுமையாகவும் ஒலிக்கும். குழந்தைகளுக்கு 'டம்மி ஏக்' என்பதே இயல்பு. பள்ளி நாட்குறிப்பில் பெற்றோர் எழுதும் குறிப்புக்கு அது போதும். பெரியவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அது ஏற்றதன்று. 'மை ஸ்டமக் இஸ் பெயினிங்' என்று நம்மில் பலர் சொல்வதை இலக்கணக்காரர்கள் ஏற்பதில்லை. 'மை ஸ்டமக் ஹர்ட்ஸ்' என்பதே திருத்தமான வடிவம். ஆனால் தில்லி மருத்துவர் எவருக்கும் முன்னது புரியாமல் போகாது என்பதால், வலியில் துடிக்கும் ஒருவர் அந்த நேரத்தில் இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை இல்லை. மின்னஞ்சலிலும் தேர்வுத்தாளிலும் மட்டும் திருத்தமான வடிவத்தை எழுதினால் போதும்.

'ஸ்டமக் பக்', 'ஸ்டமக் ஃப்ளூ' ஆகிய இரண்டும் தொற்றினால் வந்த வாந்தியையும் பேதியையும் குறிப்பவை. பின்னதில் 'ஃப்ளூ' என்ற சொல் இருந்தாலும் இன்ஃப்ளுவென்சா காய்ச்சலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குடலைத் தாக்குவது வேறு வைரஸ்கள். ஃப்ளூ தடுப்பூசி போட்டிருக்கிறோமே, இது எப்படி வந்தது என்று குழம்புவோர் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சொற்களைப் பயன்படுத்தும்போது, 'என்னிடமிருந்து மற்றவர்களுக்கும் தொற்றலாம்' என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே போகிறது. பள்ளிக்குத் தெரிவிக்கையில் அது நன்மையே. வாந்தியும் பேதியும் நின்ற பிறகும் இரண்டு நாள் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதற்கு அந்த ஒரு சொல்லே போதிய காரணமாகிவிடும். 'ஃபுட் பாய்சனிங்' என்பது வேறு வகை. உண்ட ஒரு பண்டத்தின் மேல் அது பழி சுமத்துகிறது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கவைக்கும் நச்சும் உண்டு, ஒன்றிரண்டு நாள் கழித்தே பேதியைத் தொடங்கிவைக்கும் கிருமியும் உண்டு. ஆகவே கடைசியாக எங்கே சாப்பிட்டோமோ அந்த இடத்தையே குற்றவாளியாக்கும் இச்சொல்லை உறுதியில்லாமல் எழுதாமல் இருப்பது நேர்மையானது.

தில்லியின் பெயரையே தாங்கி ஒரு சொற்சேர்க்கை ஆங்கிலத்தில் உண்டு. வெளிநாட்டுப் பயணிகள் தமக்கு வரும் வயிற்றுப்போக்கை 'டெல்லி பெல்லி' என்பார்கள். கேட்க எதுகையாக இருக்கிறது என்று நம்மவரும் சிலர் அதைச் சொல்கிறார்கள். இவ்வூரில் குடியிருந்து, இவ்வூர்த் தண்ணீரைக் குடித்து, இங்கேயே பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அது பொருந்தாது; நோயைப் பற்றி எந்த விவரத்தையும் சொல்லாமல் ஊரை மட்டும் குறை சொல்லும் சொல் அது.

வயிற்றின் பெயரால் மனத்தைச் சொல்லும்போது

மருத்துவத்துக்குப் போகும் முன் ஒரு கிளைவழியைப் பார்த்துவிடலாம், ஏனெனில் தவறு அங்கேயும் நேர்கிறது. நேர்முகத் தேர்வுக்கு முன் வரும் லேசான படபடப்புக்கு 'பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்' என்பது பொருந்தும். அதில் எதிர்பார்ப்பும் கலந்திருக்கிறது. நம் வழக்கில் 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்று சொல்லும் அளவுக்கு அச்சம் இருந்தால் 'மை ஸ்டமக் இஸ் சேர்னிங்' என்பதே அதன் அளவுக்கு வரும். கெட்ட செய்தி வரப்போகிறது என்ற உள்ளுணர்வுக்கு 'எ சிங்கிங் ஃபீலிங் இன் த பிட் ஆஃப் மை ஸ்டமக்' என்பார்கள். 'ஐ ஹாவ் நோ ஸ்டமக் ஃபார் இட்' என்பது பசியைப் பற்றியதன்று. அந்த வேலையைச் செய்யத் துணிவோ விருப்பமோ இல்லை என்பது அதன் பொருள். ஒருவர் பிழைப்பைக் கெடுப்பதை 'வயிற்றில் அடிப்பது' என்கிறோமே, அதை வயிற்றை வைத்தே ஆங்கிலமாக்கினால் கைகலப்பு நடந்ததாகவே கேட்பவர் எண்ணுவார். 'லைவ்லிஹுட்' என்ற சொல்லைக் கொண்டே அதைச் சொல்ல வேண்டும்.

எரிச்சலைக் குறிக்கும் சொற்களில்தான் சிக்கல் அதிகம். வயிற்றெரிச்சல் என்று நாம் பெரும்பாலும் சொல்வது பொறாமையை அல்லது மனக்கொதிப்பை. 'ஹார்ட்பர்ன்' என்பது உணவுக்குழாயில் அமிலம் ஏறுவதால் வரும் நெஞ்செரிச்சல். இதயத்துக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. ஆனால் தில்லிச் செய்தித்தாள்களின் அரசியல் பக்கத்தில், கட்சியில் சீட்டு கிடைக்காதவர்களுக்கு 'ஹார்ட்பர்ன்' என்று எழுதினால் அது நம் வயிற்றெரிச்சலேதான். செய்தித்தாளில் படித்த பொருளை மருத்துவரிடம் கொண்டுபோகவும் கூடாது, மருத்துவர் சொன்ன பொருளைச் செய்தித்தாளில் தேடவும் கூடாது.

பெயர் சூட்டும் சொற்கள்

நம் வீடுகளில் மிகுதியாகப் புழங்குவது இரண்டாவது வழிதான். அதிலும் தமிழகத்திலிருந்து வருவோர் 'கேஸ்ட்ரிக்' என்பார்கள், தில்லிக்காரர்கள் 'கேஸ்' அல்லது 'அசிடிட்டி' என்பார்கள். ஆங்கிலத்தில் 'கேஸ்ட்ரிக்' என்பது இரைப்பை சார்ந்த என்று பொருள்படும் அடைச்சொல் மட்டுமே. 'எனக்கு கேஸ்ட்ரிக்' என்பது 'எனக்கு இரைப்பை சார்ந்த' என்று பாதியில் நின்றுவிட்ட வாக்கியமாகிறது. பழகிய மருத்துவர் அதை வாயுத்தொல்லை என்று புரிந்துகொள்வார். ஆனால் வாயுத்தொல்லை என்று நாம் சொல்வதுதான் என்ன? ஒருவருக்கு அது வயிறு உப்பிக்கொள்வது. இன்னொருவருக்கு ஓயாத ஏப்பம். மற்றொருவருக்குக் காற்றுப் பிரிதல். வேறொருவருக்கு நெஞ்சில் அடைப்பது போன்ற உணர்வு. இந்த நான்கையும் ஒரே சொல்லில் மூடிக் கொடுத்தால் மருத்துவர் எதை எடுத்துக்கொள்வார்?

நான்காவதாகச் சொன்னதுதான் என்னை இதை இவ்வளவு அழுத்தி எழுதவைக்கிறது. மாரடைப்பின் ஒரு வகை மேல்வயிற்றில் அழுத்தமாகவும் குமட்டலாகவும் வியர்வையாகவும் வெளிப்படும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் வழக்கமான நெஞ்சுவலி இல்லாமலேயே அது வரக்கூடும். அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி 'அப்பாவுக்கு கேஸ்' என்று தொலைபேசியில் சொல்லிவிட்டால், கேட்பவர் ஓமவாட்டரையோ ஈனோவையோதான் நினைப்பார். 'மேல்வயிற்றில் அழுத்தம், வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது' என்று சொல்லியிருந்தால் அடுத்த வாகனத்தில் மருத்துவமனைக்குக் கிளம்பச் சொல்லியிருப்பார். உடலின் நிலை இரண்டு இடத்திலும் ஒன்றே. சொன்ன சொல் வேறு என்பதால் கிடைக்கும் நேரம் வேறாகிவிடுகிறது.

'அசிடிட்டி' சற்று மேலானது. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், எதுக்களிப்பு ஆகியவற்றை அது ஏறக்குறையச் சரியாகவே சுட்டுகிறது. இந்தியா முழுவதும் புரிகிறது. ஆயினும் இரைப்பையில் அமிலம் இருப்பது நோயன்று. செரிமானத்துக்கும் கிருமிகளைக் கொல்வதற்கும் அங்கே வலுவான அமிலம் இருந்தாக வேண்டும். அது உணவுக்குழாய்க்குள் ஏறினாலோ, உட்சுவரின் காப்புப் படலம் பழுதுபட்டாலோதான் தொல்லை. 'ஹார்ட்பர்ன் ஆஃப்டர் மீல்ஸ்', 'சவர் டேஸ்ட் இன் த மவுத்' என்று சொன்னால் இவற்றுள் எது நடக்கிறது என்பதற்கான தடயத்தை மருத்துவருக்குக் கொடுக்கிறோம். 'அசிடிட்டி' என்று மட்டும் சொன்னால் நம் முடிவையே கொடுக்கிறோம்.

'அல்சர்' என்ற பெயரைத்தான் நாம் மிக எளிதாகச் சூட்டிக்கொள்கிறோம். காலையில் சாப்பிடாமல் ஓடினால் அல்சர், காரம் தின்றால் அல்சர் என்று பேசுகிறோம். அல்சர் என்பது இரைப்பையின் அல்லது சிறுகுடல் தொடக்கத்தின் உட்சுவரில் ஏற்படும் புண். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்துத்தான் அதை உறுதிப்படுத்துவார்கள். அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவும், நெடுநாள் விழுங்கும் வலி மாத்திரைகளும். அந்தப் பாக்டீரியாவின் பங்கைக் கண்டறிந்ததற்காக பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மூட்டுவலிக்காக ஊரிலிருந்தே மாத்திரை வாங்கி வந்து தினமும் போட்டுக்கொள்ளும் ஒரு பாட்டி, 'அல்சர் இருக்கு' என்று மட்டும் மருத்துவரிடம் சொல்லி, மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், காரணம் அவருடைய கைப்பையிலேயே தங்கிவிடும். பெயருக்குப் பதிலாக 'பர்னிங் பெயின் இன் த அப்பர் அப்டமன்' என்று சொல்லி, உட்கொள்ளும் மாத்திரைகளையும் காட்டுவதே சரி.

இவ்வகையில் நான் முழு மனத்தோடு ஏற்கும் ஒரே சொல் 'லூஸ் மோஷன்'. அது நோயின் பெயராக இல்லாமல் நடப்பதை நடந்தபடி சொல்கிறது. தில்லியில் இந்தி பேசுவோரும் அதையே சொல்கிறார்கள் என்பதால் மருத்துவர், செவிலியர், மருந்துக்கடைப் பையன் வரை யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. வெளிநாட்டவரிடம் 'லூஸ் ஸ்டூல்ஸ்' அல்லது 'டயரியா' என்று மாற்றிச் சொன்னால் போதும். ஆனால் எத்தனை முறை என்ற எண்ணும், எப்படி இருந்தது என்ற விவரமும் கூடவே போக வேண்டும். ஒரு நாளில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை இளகிப் போவதையே உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்கு என்று வரையறுக்கிறது; ஒரு முறை இளகிப் போனதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. நாம் வயிற்றுக்கடுப்பு என்று சொல்லும்போது சீதமும் இரத்தமும் கலந்து போவதையே பெரும்பாலும் நினைக்கிறோம். அதை 'லூஸ் மோஷன்' என்று மட்டும் ஆங்கிலப்படுத்தினால் முக்கியமான பாதி போய்விடும். 'பிளட் அண்ட் மியூகஸ் இன் த ஸ்டூல்' என்று கூச்சப்படாமல் சொல்ல வேண்டும், ஏனெனில் தண்ணீராகப் போவதற்கும் இரத்தத்தோடு போவதற்கும் சிகிச்சை வேறு.

மருந்துக்கடையில் இந்தச் சொற்களுக்குப் பயன் உண்டு என்று சொன்னேன். விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றைக்கோ ஒருநாள் வரும் நெஞ்செரிச்சலுக்கு 'அசிடிட்டி' என்று சொல்லி டைஜீன் வாங்குவதில் தவறில்லை. பேதிக்கு 'ஓ.ஆர்.எஸ். பாக்கெட்' என்று பொருளின் பெயரையே சொல்லிக் கேட்டு, உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று எழுதியிருக்கிறதா என்றும், எவ்வளவு தண்ணீரில் கரைக்கச் சொல்லியிருக்கிறது என்றும் பார்த்து வாங்க வேண்டும். அதே தொல்லைக்காக வாரந்தோறும் கடைக்குப் போக நேர்ந்தால், அடுத்து போக வேண்டிய இடம் மருத்துவமனை.

இடம், தன்மை, நேரம்

மருத்துவரிடம் சொல்லும்போது 'ஸ்டமக்' என்ற சொல்லை விட்டு 'அப்டமன்' என்ற சொல்லுக்கு மாறுவதே முதல் முன்னேற்றம். இரைப்பை என்பது விலாவின் கீழே, மேல்வயிற்றில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் ஒரு பை. அதற்குக் கீழே ஆறு மீட்டர் அளவுக்குச் சிறுகுடலும், அதைச் சுற்றிப் பெருங்குடலும், வலப்பக்கம் மேலே ஈரலும் பித்தப்பையும், பின்புறம் கணையமும் சிறுநீரகங்களும், அடியில் சிறுநீர்ப்பையும், பெண்களுக்குக் கருப்பையும் உள்ளன. இத்தனையும் 'ஸ்டமக் பெயின்' என்ற ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. 'அப்பர் அப்டமன்', 'லோயர் அப்டமன்', 'ரைட் சைட்', 'லெஃப்ட் சைட்', 'அரௌண்ட் த நேவல்' ஆகிய ஐந்தைக் கற்றுக்கொண்டால், மேல்வயிறு, அடிவயிறு, வலம், இடம், தொப்புளைச் சுற்றி என்று நாம் தமிழில் இயல்பாகச் சொல்வதை அப்படியே சொல்லிவிடலாம். தமிழில் நாம் சொல்லத் தவறுவதில்லை. ஆங்கிலத்துக்கு மாறும்போதுதான் மேலும் கீழும் உதிர்ந்துபோகின்றன.

எங்கள் குடியிருப்பில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவரின் மேசைக்கு முன்னால் அவர் மகளிடம் தாழ்ந்த குரலில், "அடிவயிறு எரியுதும்மா, ஒண்ணுக்குப் போனா கடுக்குது" என்றார். பக்கத்தில் வேறு நோயாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் அந்தக் கூச்சத்தில் இரண்டாவது பாதியை விட்டுவிட்டு, "டாக்டர், ஸ்டமக் பர்னிங்" என்றாள். "அசிடிட்டி?" என்று மருத்துவர் கேட்டார். மகள் தலையாட்டினாள். காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். எரிச்சல் குறையவில்லை, குளிர்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அடுத்து வேறொரு மருத்துவரிடம் போனபோது அவர் எதையும் கேட்பதற்கு முன்னால், "மாதாஜி, கை வைத்துக் காட்டுங்கள்" என்று இந்தியில் சொல்லிச் சைகை செய்தார். அந்த அம்மாவின் கை தொப்புளுக்குக் கீழே போயிற்று. சிறுநீரைச் சோதித்தார்கள், கிருமித் தொற்று. அடிவயிறு என்பதிலிருந்த 'அடி' முதல் மருத்துவரின் காதுக்குப் போகவே இல்லை. 'லோயர் அப்டமன்' என்ற இரு சொற்களும், 'பர்னிங் வைல் பாஸிங் யூரின்' என்ற தொடரும் அன்றைக்கே சொல்லப்பட்டிருந்தால் அந்தக் காய்ச்சல் வரை போயிருக்காது. பெற்றோருக்காகப் பேசும் பிள்ளைகள், கூச்சத்துக்குரிய பாதியைத் தமக்குள் வைத்துக்கொள்ளும் உரிமை தமக்கில்லை என்று நினைத்துக்கொண்டுதான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது தன்மை. வயிற்றைப் பிசைகிறது, சுருட்டிப் பிடிக்கிறது, இழுத்துப் பிடிக்கிறது என்று நாம் சொல்வனவெல்லாம் விட்டுவிட்டு வரும் வலிகள். அவற்றுக்கு 'க்ராம்ப்ஸ்' என்பதும், 'த பெயின் கம்ஸ் அண்ட் கோஸ்' என்பதும் பொருந்தும். குத்துகிறது என்பதற்கு 'ஷார்ப் பெயின்'. விடாமல் மந்தமாக வலிக்கிறது என்பதற்கு 'டல் ஏக்'. வயிறு உப்புசமாக, பொருமலாக இருக்கிறது என்பதற்கு 'ப்ளோட்டட்' என்ற சொல்லே போதும். குமட்டலுக்கு 'ஐ ஃபீல் நாசியஸ்' என்பது பாதுகாப்பானது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஐ ஃபீல் சிக்' என்றால் வாந்தி வருகிறது என்று பொருள். இந்தியாவில் அதையே சொன்னால் உடம்பு சரியில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

நேரமும் நகர்வும் நோயையே காட்டிக்கொடுப்பவை. குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு நகரும். பித்தப்பைக் கல்லின் வலி எண்ணெய்ப் பண்டம் உண்ட பிறகு வலப்பக்க மேல்வயிற்றில் வந்து தோள்பட்டை வரை பரவக்கூடும். கணையம் வீங்கினால் மேல்வயிற்று வலி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். சிறுநீரகக் கல்லோ விலாப்புறத்திலிருந்து தொடையிடுக்கு நோக்கி இறங்கும். இவற்றில் எது என்று முடிவு செய்வது நம் வேலையன்று. எங்கே தொடங்கியது, இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது மட்டுமே நம் வேலை. 'இட் ஸ்டார்டட் அரௌண்ட் த நேவல் லாஸ்ட் நைட். நௌ இட் இஸ் ஆன் த லோயர் ரைட் சைட்' என்ற அளவிலான ஒரு வாக்கியம், கூட்டம் நெரியும் புறநோயாளர் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் சொல்லி முடிக்கக் கூடியது. முந்தைய இரவே ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால் இன்னும் நல்லது. ஆங்கிலம் வராத பெற்றோர் தனியாகப் போக நேர்ந்தால், அந்தத் தாளோடு கை வைத்துக் காட்டுவதும் சேர்ந்தால் போதும்.

திரும்பி வரும் சொற்கள்

மருத்துவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதிலும் இதே கவனம் வேண்டும். 'ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்', 'பிஃபோர் ஃபுட்', 'ஃபாஸ்டிங்' ஆகிய மூன்றையும் நாம் வெறும் வயிற்றில் என்று ஒன்றாக்கிவிடுகிறோம். தைராய்டு மாத்திரையை 'எம்ப்டி ஸ்டமக்' என்று சொன்னால், காலையில் எழுந்ததும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். பால் சேர்ந்த காப்பியும் கால்சியம் மாத்திரையும் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும் என்பதே காரணம். அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோலுக்கு 'பிஃபோர் ஃபுட்' என்றால், உணவுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்கிவிட்டுப் பிறகு கட்டாயம் சாப்பிட வேண்டும். சாப்பிடாமலே இருந்துவிட்டால் அது முழுப் பயன் தராது. இரத்தப் பரிசோதனைக்கான 'ஃபாஸ்டிங்' என்பது எட்டு மணி நேரமாவது உணவின்றி இருப்பது, தண்ணீர் குடிக்கலாம். வலி மாத்திரைகளுக்கும் நீரிழிவுக்கான மெட்ஃபார்மினுக்கும் இதற்கு நேர்மாறாக 'வித் ஃபுட்', 'ஆஃப்டர் ஃபுட்' என்று எழுதுவார்கள். ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருக்கும் பெரியவர்கள் அன்றைக்கு அவற்றை என்ன செய்வது என்று முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அவசர நேரத்தில் 112 என்ற எண்ணை அழைக்கும்போது மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி தேவைப்படாது. அங்கே 'சிவியர் அப்டாமினல் பெயின்' என்று தொடங்கி, கூடவே இருக்கும் ஆபத்தான அறிகுறியைச் சொல்ல வேண்டும்: இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், பலகைபோல் இறுகிய வயிறு, மயக்கம், நெஞ்சுக்கும் தாடைக்கும் பரவும் அழுத்தம், வியர்வை. எதிர்முனையில் இந்தியில் பேசினால் 'பேட் மே பஹுத் தேஸ் தர்த் ஹை' என்று சொல்லிவிட்டு, வயதையும் வீட்டு முகவரியையும் தெளிவாகச் சொல்லலாம். இந்த ஒரு தொடரையும் வீட்டு முகவரியையும் தமிழ் எழுத்திலேயே எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தால், பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோரும் படித்துச் சொல்லிவிடுவார்கள்.